மூணு மாசம் ஜாஸ்தி

ஐஸ் பெட்டி வாசலில் நுழையவில்லை. அன்புசெல்வனும் இன்னும் மூன்று பையன்களும் ஆளுக்கொரு மூலையில் பிடித்திருந்தார்கள். நிலையில் இடித்தது.

"சாச்சிப் புடிடா."

"சாச்சா மிஷினு பூடும். நேராவே வுடுங்கப்பா" என்று வேன்காரன் வெளியிலிருந்து கத்தினான்.

அருணாச்சலம் எழுந்து வந்தார். யாரையும் பார்க்காமல் கதவைத் தூக்கி, கீலிலிருந்து கழற்றிச் சுவரில் சாய்த்தார். பெட்டி உள்ளே போனது. நடுக்கூடத்தில் பாயில் கிடந்த ஸ்டீவனைத் தூக்கி அதற்குள் வைத்தார்கள். ஸ்டீவன் அவருடைய ஒரே மகன்.

அன்று காலை ராத்திரி ஷிப்ட் முடிந்து தேர்வாய் கண்டிகை ரோட்டில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியவன் பத்தடி நடந்து உட்கார்ந்திருக்கிறான். டீக்கடைக்காரர் தண்ணீர் கொண்டுவருவதற்குள் சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் டாக்டர் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அருணாச்சலத்துக்கு டாக்டர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. அதனால் அவரும் ஒரு தடவை மகனின் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தார்.

பெட்டிக்கு ஒயரைச் செருகிவிட்டு அன்புசெல்வன் அவர் பக்கத்தில் வந்து குந்தினான். பத்தொன்பது வயது. ஸ்டீவன் நடத்திய செபஸ்தியார் கிரிக்கெட் கிளப்புக்குக் கேப்டன். அழுது அழுது அவன் கண் வீங்கியிருந்தது.

"தாத்தா, பேனர் அடிக்கப் போறோம். தோற்றம், மறைவு போடணும். மாஸ்டர் பொறந்த தேதி இன்னா?"

அருணாச்சலம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"தாத்தா."

"ஆதார்ல கீது பாரு. அதான்."

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த மருமகள் சோனியா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அழுகிற பார்வை இல்லை. எதையோ கேட்கிற பார்வை. பிறகு குனிந்துகொண்டாள். அருணாச்சலத்துக்கு எரிச்சல் வந்தது. இந்த நேரத்திலும் இவளுக்கு ஒரு பார்வை.

அன்புசெல்வன் ஆதாரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனான். ஒன்று, ஆறு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு.

பெண்கள் வரவர முற்றம் நிறைந்தது. "முப்பத்தாறு வயசு சாவுற வயசா" என்று ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். முப்பத்தாறு, முப்பத்தாறு. ஒவ்வொரு தடவையும் அருணாச்சலத்தின் காதில் அது குத்தியது. முப்பத்தாறு இல்லை. முப்பத்து நாலு. அது தெரிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி அவர் பெண்சாதி ரோசம்மாள், அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. இன்னொருவர் அவர்.

நாலரை வயதில் ஸ்டீவனைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனவர் அவர்தான். அப்போது அவருக்கும் ரோசம்மாளுக்கும் செங்கல் சூளையில் வேலை. பிள்ளையைச் சூளைப் பக்கம் விட முடியாது, ஒரு தடவை காலைச் சுட்டுக்கொண்டுவிட்டான். பள்ளிக்கூடத்தில் விட்டால் மத்தியானம் சோறு போடுவார்கள். ஹெட்மாஸ்டர், "வயசு இன்னா?" என்று கேட்டார். "ஆறு முடிஞ்சிச்சி சார்" என்றார் அருணாச்சலம். ஹெட்மாஸ்டர் நம்பவில்லை. வலது கையைத் தலைக்கு மேல் போட்டு இடது காதைத் தொடச் சொன்னார். நாலரை வயதுப் பிள்ளைக்கு எட்டாது. ஸ்டீவனுக்கு எட்டியது. காதைத் தொட்டதோடு விடாமல் பிடித்து இழுத்துக் காட்டிச் சிரித்தான். அவனுக்குக் கை அவ்வளவு நீளம். ஹெட்மாஸ்டர் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் எழுதுகிற மாதிரியே ஜூன் ஒன்று என்று எழுதி, வருஷத்தை எண்பத்தெட்டு என்று போட்டார்.

அந்தக் கைதான் பிறகு பந்து போட்டது. பதினோராவது படிக்கும்போது ஜில்லா பதினாறு வயதுக்குட்பட்டவர் டீமுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று பி.டி. வாத்தியார் இரண்டு ரயில் மாற்றி செவ்வாப்பேட்டைப் பக்கம் ஒரு மைதானத்துக்குக் கூட்டிப்போனார். நூற்றுச்சொச்சம் பையன்கள். சாயந்திரம் படித்த பேரில் ஸ்டீவன் பேரும் இருந்தது. அப்புறம் சர்ட்டிபிகேட்டை வாங்கிப் பார்த்தார்கள். செப்டம்பர் ஒன்றாம் தேதிக்குப் பதினாறு முடிந்திருக்கக் கூடாது. இவனுக்கு முடிந்து மூன்று மாதம் ஆகிவிட்டது. பேரை அடித்துவிட்டார்கள்.

அன்று ராத்திரி பையன் வந்து எதிரே நின்றான். "நைனா, நான் நெஜமா எப்போ பொறந்தேன்?"

"சர்ட்டிபிகேட்ல இன்னா போட்டுகீதோ அதான்."

"கரெக்டா தெர்யுமா நைனா?"

"பெத்தவனுக்குத் தெரியாதாடா?"

அடுப்படியிலிருந்து ரோசம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் எழுந்து போய் அவளை ஓர் அறை அறைந்தார். பையன் பார்த்தான். பார்த்துவிட்டு வெளியே போனான்.

பொய் வயது கொடுத்தால் ஜெயில் என்று சூளை மேஸ்திரி எப்போதோ சொல்லியிருந்தார். அந்தப் பயம் ஒன்று. இன்னொன்றை அவர் யாரிடமும் சொன்னதில்லை. காகிதத்தில் வயது கூட இருந்தால் பையன் சீக்கிரம் பதினெட்டு ஆவான், மில்லில் சேர்த்துவிடலாம். சேர்த்தும் விட்டார். பதினாறரை வயதில் இரும்பு உருட்டும் மில்லில் உலைக்கு எதிரே போய் நின்றவன், பதினெட்டு வருஷமாக அங்கேதான் நின்றான்.

மில் நேரம் போக மீதி நேரமெல்லாம் கிளப்தான். ஏரிக்கரைப் புறம்போக்கில் முள்ளை வெட்டி, ஏரிக் களிமண்ணைக் கொட்டி, உடைந்த சிமெண்டுக் குழாய்க்குள் காங்கிரீட் அடைத்து அதையே ரோலராக உருட்டிப் பிட்ச் போட்டான். டேப் சுற்றிய பந்தில் ஆடிக்கொண்டிருந்த பையன்களை லெதர் பந்துக்குக் கொண்டுவந்தான். பெண் பிள்ளைகளையும் சேர்த்தான். வீடு வீடாகப் போய்த் திட்டு வாங்கித்தான் சேர்த்தான். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை ரயிலில் மூட்டையோடு கூட்டிப்போவான். மூன்று பேர் ஜில்லா டீம் வரை போயிருந்தார்கள்.

ஆனால் கிளப்பில் ஒரு சட்டம். யார் வந்தாலும் முதலில் பிறப்புச் சான்று. அது இல்லாமல் பந்தைத் தொட விடமாட்டான். சான்று இல்லாத பிள்ளைக்கு, மில்லுக்கு லீவு போட்டுவிட்டு அப்பன் ஆயியைத் தாலுகா ஆபீசுக்குக் கூட்டிப்போய் நாள் முழுக்க நின்று வாங்கித் தருவான். ஒரு ஃபைனலில் தன் டீம் பையன் ஒருவனுக்கே வயது கூட என்று தெரிந்ததும், ஜெயிக்கிற மேட்ச்சை நிறுத்திவிட்டுக் கோப்பையை எதிர் டீமுக்குக் கொடுத்துவிட்டு வந்தான். ஊரில் அவனுக்குச் 'சர்ட்டிபிகேட் மாஸ்டர்' என்று பேர். கிண்டலாக ஆரம்பித்து அப்புறம் அதுவே பேராகிவிட்டது. அருணாச்சலமும், "பைத்தியக்காரப் பய" என்று டீக்கடையில் சிரித்திருக்கிறார்.

இன்னொன்றும் இருந்தது. பத்து வருஷமாக ஸ்டீவன் அவரை நைனா என்று கூப்பிட்டதில்லை. சண்டை கிடையாது, சோறு உண்டு, மருந்து மாத்திரை உண்டு. ஆனால் கூப்பிடமாட்டான். "ஏஞ்சல், தாத்தாவைச் சாப்ட வரச் சொல்லு" என்று மகளிடம் சொல்வான். ஏஞ்சல் பிறப்பதற்கு முன் சுவரைப் பார்த்துச் சொல்வான். கல்யாணம் ஆன மாதத்திலிருந்து அப்படித்தான். வந்தவள் மாற்றிவிட்டாள் என்று அருணாச்சலம் அன்றைக்கே முடிவு கட்டினார். பத்து வருஷத்தில் சோனியா கையில் வாங்கிய ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட மோந்து பார்க்காமல் குடித்ததில்லை.

மத்தியானம், சர்ச்சில் ஜெபமும் புத்தகப் பதிவும் பார்க்கிற உபதேசியார் வந்தார். அருணாச்சலத்தைவிட ஐந்தாறு வயது மூத்தவர். கோயில் நோட்டு ஒன்றைக் கக்கத்தில் வைத்திருந்தார். பெட்டியருகே நின்று ஜெபம் சொல்லிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியருகே அருணாச்சலத்தைத் தள்ளிக்கொண்டு போனார்.

"இன்னாயா அருணாச்சலம், தெரு முனையில பேனர்ல ஜூன் ஒண்ணுன்னு போட்டுகீறாங்க?"

"ஆதார்ல அப்டித்தான் கீது."

"ஞானஸ்நானப் பொஸ்தகத்துல நவம்பர் இருபத்திமூணு, எம்பத்தொம்போதுன்னு கீது. டிசம்பர் எட்டு, மாதா திருநாளன்னைக்கு ஞானஸ்நானம். அடக்கப் பொஸ்தகத்துல நான் எதை எழுதறது? சிலுவையில எதைப் போடறது?"

"பள்ளிக்கூடத்துத் தேதியே இருக்கட்டும்."

"அது பொய்யி."

"எத்தினி நாள் ஆச்சி. இப்போ போயி..." அருணாச்சலம் குரலை இறக்கினார். "யாராண்டயும் சொல்லாத. கால்ல வேணாலும் வுழறேன். அவனுக்கே தெரியாம போயிட்டான். அப்டியே போவட்டும்."

உபதேசியார் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"அவனுக்குத் தெரியாதா? யாரு சொன்னது?"

"எனக்குத் தெர்யும்."

"யோவ், கோயில்ல கல்யாணம் வெக்கணும்னா ஞானஸ்நான ஓலை கேப்பாங்க இல்ல? நாந்தான் பொஸ்தகத்தைப் பாத்து எழுதிக் குடுத்தேன். அவன் கையில. நின்னு படிச்சான். 'இது யார்து உபதேசியாரே'ன்னு கேட்டான். 'உன்துதான்டா, உன் பேரு, உங்கப்பன் பேரு, உங்கம்மா பேரு'ன்னேன். மறுபடி படிச்சான். மடிச்சி ஜோபில வெச்சிகினு போயிட்டான்."

தொட்டியில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. அருணாச்சலம் அதை மூடப் போனார். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

அவர் உள்ளே வந்தபோது பெண்கள் களைத்துப்போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பெட்டியின் மிஷின் சத்தம் மட்டும் இருந்தது. சோனியாவின் மடியில் ஏஞ்சல் தூங்கிக்கொண்டிருந்தாள். அருணாச்சலம் போய்ப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பத்து வருஷத்தில் அவர் மருமகள் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"அவனுக்குத் தெர்யுமா?"

எதைக் கேட்கிறார் என்று அவள் கேட்கவில்லை.

"தெர்யும் மாமா."

"உன்னாண்ட சொன்னானா?"

"கல்யாணத்துக்கு முன்னாடியே ஓலையக் காட்டினாரு."

"என்னாண்ட ஏன் கேக்கல?"

சோனியா பெட்டியின் கண்ணாடியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். உள்ளே பனி படிந்திருந்தது. வெளியே துடைத்துப் பயனில்லை. ஆனாலும் துடைத்தாள்.

"நானும் அதான் கேட்டேன். போயி நேரா கேளுயான்னேன். 'ஒரு தபா கேட்டாச்சி. இனிமே அவரா சொல்லட்டும்'னாரு."

அருணாச்சலம் கண்ணாடிக்குள் பார்த்தார்.

"வருசா வருசம் நவம்பர் இருபத்திமூணு அன்னைக்கி ஷிப்ட் மாத்திகினு ஊட்ல இருப்பாரு. உங்க பக்கத்துல உக்காந்து சாப்டுவாரு. நெனப்பு கீதா மாமா? மத்த நாள்ல அப்டி உக்கார மாட்டாரு. அன்னைக்கி எதனா சொல்லுவீங்களான்னு பாப்பாரு."

அருணாச்சலத்துக்கு நினைவு இருந்தது. எந்தத் தேதி என்று தெரியாது. மழைக்காலத்தில் ஒரு நாள் அவன் தட்டை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்காருவான். பேசாமல் மெதுவாகத் தின்பான். அவர் முடித்துக் கைகழுவும்வரை எழுந்திருக்க மாட்டான். என்னவோ கேட்கப்போகிறான், இவள் சொல்லி அனுப்பியிருப்பாள், வீட்டை எழுதிக் கேட்பானாக இருக்கும் என்று நினைத்து அவர் வேகவேகமாகத் தின்றுவிட்டு எழுந்து போயிருக்கிறார். பத்துத் தடவை.

"போன வருசமும் உக்காந்தாரு" என்றாள் சோனியா.

நாலரை மணிக்குத் தூக்கினார்கள். கிளப் பையன்கள்தான் தூக்கினார்கள், வேறு யாரையும் விடவில்லை. கல்லறைத் தோட்டம் சிப்காட் ரோட்டை ஒட்டி இருக்கிறது. ரோட்டை அகலப்படுத்தியபோது மதிலை இடித்தவர்கள் திரும்பக் கட்டித் தரவில்லை. லாரி போகிற புழுதி நேராகக் கல்லறைகள் மேல்தான் விழும்.

ஃபாதர் ஜெபம் சொல்லி, தீர்த்தம் தெளித்துவிட்டு வேறு ஊரில் பூசை என்று கிளம்பினார். சவப்பெட்டியைக் குழியில் இறக்கினார்கள். கறுப்புப் பெயின்ட் அடித்த மரச் சிலுவை குழிக்குப் பக்கத்தில் ஒரு பழைய கல்லறை மேல் சாத்தியிருந்தது. அதில் பூமிகா வெள்ளைப் பெயின்டில் எழுதியிருந்தாள். கிளப்பின் விக்கெட் கீப்பர், பத்தாவது படிக்கிறாள். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று ஸ்கோர் போர்டும் அவள்தான் எழுதுவாள்.

அருணாச்சலம் சிலுவை முன்னால் போய் நின்றார். எழுத்துப் படிக்க வராது. எண் படிப்பார்.

"பாப்பா. இது பொறந்த தேதியா?"

"ஆமா தாத்தா."

"அழி."

பூமிகாவுக்குப் புரியவில்லை. அன்புசெல்வன் மண்வெட்டியோடு வந்தான்.

"இன்னா தாத்தா? சரியாத்தான் கீது. ஆதார் பாத்துதான் எழுதினோம்."

"தப்பு. அழிச்சிட்டு நவம்பர் இருபத்திமூணு போடு. எம்பத்தொம்போது."

"பேனர்ல வேற போட்டுகீதே?"

"அது நான் சொன்னது. இதுதான் அவன் பொறந்தது."

உபதேசியார் தலை குனிந்துகொண்டார். பூமிகா தின்னர் பாட்டிலைத் திறந்து துணியில் நனைத்து அழுத்தித் தேய்த்தாள். எழுத்துப் போயிற்று. கூடவே கறுப்பும் கொஞ்சம் போய் மரம் தெரிந்தது. அதன் மேலேயே பிரஷ்ஷை வைத்து எழுத ஆரம்பித்தாள். எழுதிக்கொண்டே வந்தவள் வருஷத்தின் கடைசி எண்ணில் நிறுத்தினாள்.

செப்டம்பர் ஒன்றாம் தேதிக்கு யாருக்கு என்ன வயது என்று கணக்குப் போடுவதுதான் ஸ்டீவன் அந்தப் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லிக்கொடுத்தது. ஒரு தேதியைப் பார்த்தால் அவர்களுக்கு அது தானாக ஓடும். அருணாச்சலம் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லா முகத்திலும் ஓடிக்கொண்டிருந்தது.

அன்புசெல்வன்தான் வாயைத் திறந்தான்.

"அப்போ அந்த செலக்ஷன்ல மாஸ்டருக்குப் பதினாலுதான்."

பூமிகா கடைசி எண்ணை எழுதி முடித்தாள்.

"பதினாலு வயசுல பதினாறு வயசுப் பசங்களோட போட்டு செலக்ட் ஆகிகீறாரு. அடுத்த வருசமும் போயிருக்கலாம்." அவன் மண்வெட்டியை மாற்றிப் பிடித்தான். "எங்களாண்ட மூணு மாசம் ஜாஸ்தி, மூணு மாசம் ஜாஸ்தின்னுதானே சொல்லிகினு இருந்தாரு. சாவற வரைக்கும் அதானே சொன்னாரு?"

"நான் சொன்னதை அவன் சொன்னான்" என்றார் அருணாச்சலம். "தெரிஞ்சிகினேதான் சொன்னான். நான்தான் பள்ளிக்கூடத்துல மாத்திக் குடுத்தேன். கேட்டப்பவும் சொல்லல."

அன்புசெல்வன் அவரைப் பார்த்தான். கையில் மண்வெட்டி இருந்தது. கொஞ்ச நேரம் அது அந்தரத்திலேயே நின்றது. அவன் அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று அருணாச்சலம் நின்றார். அவன் அடிக்கவில்லை. திரும்பிப் போய் மண்ணைத் தள்ள ஆரம்பித்தான். மற்றவர்களும் போனார்கள். மண்வெட்டி இல்லாதவர்கள் கையாலேயே தள்ளினார்கள். சோனியா ஏஞ்சலின் கையைப் பிடித்து ஒரு பிடி மண் போடவைத்து, தானும் போட்டாள். அருணாச்சலத்தைப் போடச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அவரும் போகவில்லை.

குழி மூடியது. சிலுவையைத் தலைமாட்டில் நட்டு, ஆட்டிப் பார்த்து, கல் வைத்து இறுக்கினார்கள். பையன்கள் ஒவ்வொருவராகத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியே போய் ரோட்டோரம் நின்றார்கள். பெண்கள் சோனியாவைத் தாங்கி நடத்திக்கொண்டு போனார்கள்.

பூமிகா பெயின்ட் டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள். போகும்போது நின்றாள்.

"காய ஒரு மணி நேரம் ஆவும். புழுதி ஒட்டினா எழுத்து தெரியாது" என்று, யாருக்கோ சொல்வது போலச் சொல்லிவிட்டுப் போனாள்.

"வரியாயா?" என்று உபதேசியார் கூப்பிட்டார். அருணாச்சலம் தலையசைத்து மறுத்தார். உபதேசியார் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு நோட்டோடு நடந்தார்.

ரோட்டின் திருப்பத்தில் கம்பி ஏற்றிய லாரி ஒன்று தெரிந்தது. அருணாச்சலம் சிலுவைக்கும் ரோட்டுக்கும் நடுவில் போய் நின்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்து, எழுத்தில் படாமல் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார். லாரி போயிற்று. புழுதி அவர் முதுகில் வந்து விழுந்தது. அடங்கும்வரை அப்படியே பிடித்திருந்தார்.

அடுத்த லாரி வந்துகொண்டிருந்தது.